முன்சக்கரத்துப் பொட்டு

அந்தச் சக்கரங்களைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் நான் அதிகம் படித்தது பிரேக்கைப் பற்றித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக்கைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் செய்த தப்பு என்று யாரும் எனக்காக இரக்கப்பட வேண்டாம்.

நான் தென்காசியில் நில அளவையர். அரை சென்ட் நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில், நடுவில் நின்று அளந்து கல் போடுகிறவன். வேலை அப்படி என்பதால் எதையும் அளக்காமல் நம்பமாட்டேன். அளந்துவிட்டேன் என்றால் பிறகு யார் சொன்னாலும் கேட்கமாட்டேன். கோபமும் மூக்கு நுனியிலேயே இருக்கும். "சாம்பார்ல உப்பு பாக்கதுக்கும் டேப்ப எடுத்துட்டு வந்துருவீய" என்பாள் என் மனைவி. அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. யாரை எப்படிச் சமாளிப்பது என்பது அவளுக்குத் தெரியும்.

நாற்பத்து நாலு வயதில் சர்க்கரை எட்டிப்பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதுதான் என் தொழிலே, அதையே காலையிலும் செய்யவா என்று ஒரு ரோடு பைக் வாங்கினேன். விரல் தடிமன் டயரும் வளைந்த கைப்பிடியுமாக இருந்த அந்தச் சைக்கிளைப் பார்த்து எங்கள் தெருவில் "ஆட்டுக்கொம்பு சைக்கிள்" என்றார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூட ஓட்ட ஆள் வேண்டுமே. என் மச்சினன் வந்தான். மனைவியின் ஒரே தம்பி, அவளைவிடப் பத்து வயது இளையவன். சொந்த ஊர் வாசுதேவநல்லூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டான். ஆறு வருடமாக போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு முறை எழுத்துத் தேர்விலேயே போயிற்று, ஒரு முறை ஓட்டத்தில் சில நொடிகளில் தவறவிட்டான். இந்த முறை எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். உடல்திறன் தேர்வு மட்டும் பாக்கி. வயது வரம்புப்படி அவனுக்கு அதுதான் கடைசி முறை. ஓட்டத்துக்கு மூச்சு பழக வேண்டும் என்று ஒரு சாதாரண கியர் சைக்கிளில் என்னோடு வருவான். கயிறு ஏறுவதற்கு மாடிப்படி ஓரத்தில் ஒரு வடத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அவன் அதில் ஏறுகிற சத்தம் கேட்டால் என் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவாள். அந்த வீட்டில் எல்லோரும் காத்திருந்தது அந்தத் தேர்வுக்காகத்தான்.

நானோ சக்கரத்துக்காகக் காத்திருந்தேன். சைக்கிளோடு வந்த சக்கரங்கள் கனம். கழற்றி அடுக்களைத் தராசில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டின. புளியரை தாண்டி கோட்டவாசல் ஏற்றத்தில் அந்தக் கனம் தொடையில் தெரியும். கார்பன் சக்கரங்கள் ஆசை காட்டின. ஆனால் மழையில் கார்பனில் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், நீண்ட இறக்கத்தில் சூடேறும் என்று படித்தேன். நம் ஊரில் சாரல் தொடங்கினால் ஆடி முழுக்க ரோடு காயாது. கார்பனைத் தள்ளிவிட்டேன். கடைசியில் அலுமினிய ரிம் ஒன்றில் மனசு நின்றது. பிரேக் கட்டை உரசும் பக்கவாட்டுப் பட்டையைக் கடைசலில் சீவி, நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற மெல்லிய வரிகள் போட்டிருந்தார்கள். அந்த வரிகளால்தான் ஈரத்திலும் பிடிமானம் கிடைக்கும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அரை கிலோ குறையும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். இதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் விளக்கும்போதெல்லாம் மச்சினன் தலையை ஆட்டிக்கொண்டே ரசம் ஊற்றிக்கொள்வான்.

"பொண்ணு பாக்கும்போதுகூட இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டீய அத்தான்" என்றான் ஒருநாள்.

"விசாரிச்சிருந்தா அவரு தப்பிச்சிருப்பாரு" என்றாள் அவன் அக்கா.

ஒரு வியாழக்கிழமை மாலை சக்கரங்கள் கூரியரில் வந்தன. கூடத்தில் செய்தித்தாளை விரித்து நானும் மச்சினனும் உட்கார்ந்தோம். பழைய பின்சக்கரத்திலிருந்து பல்சக்கர அடுக்கைக் கழற்ற வேண்டும். அதற்கான சாவியும் சங்கிலித் துண்டு வைத்த கைப்பிடியும் தென்காசியில் கிடைக்காது என்று முன்கூட்டியே வரவழைத்திருந்தேன். அவன் கைப்பிடியை அழுத்திப் பிடிக்க, நான் சாவியைத் திருக, கடகடவென்று அது விட்டுக்கொடுத்தது. புதுச் சக்கரத்தில் அடுக்கைச் செருகினால் லேசாக ஆடியது. அட்டைப்பெட்டியின் மூலையில் ஒரு சின்னப் பொட்டலத்தில் மெல்லிய வளையம் ஒன்று இருந்தது. அதை முதலில் போட்டு மேலே அடுக்கைப் போட்டதும் ஆட்டம் நின்றது. புது ரிம் கொஞ்சம் அகலம் என்பதால் பிரேக் கம்பியைத் தளர்த்தி, கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு இடைவெளி வைத்தேன். இடது பக்கம், வலது பக்கம், முன், பின் என்று நான்கு இடத்திலும் கார்டை விட்டு எடுத்தேன். பிறகு முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டோம். அது நிற்கிற வழியாகவே தெரியவில்லை. மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு, "அத்தான், இதுல ஒருநாள் என்னையும் விடணும்" என்றான்.

"பரீட்சை முடியட்டும் மாப்ள" என்றேன். அந்தச் சொல்லை மட்டுமாவது நான் காப்பாற்றியிருக்கலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. என் மனைவி காலையிலேயே குளித்துச் சந்தனம் குழைத்து வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் அவள் கையால் ஒரு பொட்டு வாங்காமல் வேலையைத் தொடங்க முடியாது. மிக்ஸிக்கு வைத்தாள், என் ஆபீஸ் பிரிண்டருக்கு வைத்தாள். சைக்கிளை வாசலில் நிறுத்தச் சொன்னாள். நான் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் இரண்டு சக்கரத்திலும், பளபளவென்று வெள்ளியாகத் தெரிந்த இடமாகப் பார்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டிருந்தாள். அந்த வெள்ளி இடம்தான் பிரேக் கட்டை உரசும் பட்டை.

"அங்கன ஏன் வச்ச? பிரேக் வழுக்கும்" என்றேன்.

"சாமி பொட்டு வழுக்காது. வண்டிய உருட்டுங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

முன்சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். காரோ மோட்டார் பைக்கோ ஏறினால் பழம் சட்டென்று நசுங்கும். இதுவோ எட்டரைக் கிலோ சைக்கிள், டயரோ விரல் தடிமன். கையால் தள்ளியதும் பழம் பக்கவாட்டில் வழுக்கி உருண்டோடிச் சாக்கடைக்குள் விழுந்தது. என் மனைவியின் முகம் மாறிவிட்டது. இன்னொரு பழம் எடுத்து வருகிறேன், ஏறி உட்கார்ந்து உருட்டுங்கள் என்றாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "எடை குறைச்சதுக்கு அத்தாட்சியே அந்தப் பழம்தான், போ" என்றேன். பஸ் வருகிற நேரம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

அன்று மாலை நான் சீக்கிரம் வந்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் போட ஒரு படம் எடுக்கலாம் என்று பார்த்தால் புது ரிம்மில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எனக்குப் பூஜையில் வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மாதம் தேடி வாங்கிய பொருளில் என் அனுமதி இல்லாமல் ஒரு கறை இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் மட்டும் அந்த மெல்லிய வரிகளுக்குள் சிவப்பாக நின்றது. சோப்புத் தண்ணீருக்கும் அசையவில்லை. குங்குமக் கறை எதில் போகும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குளியலறை அலமாரியில் தேங்காய் எண்ணெய் இருந்தது. பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். இழுத்த இழுப்புக்கு வந்தது. எண்ணெய் பட்ட இடம் மட்டும் மினுங்கியதால், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கட்டும் என்று இரண்டு ரிம்மையும் சுற்றிலும் அதே பஞ்சால் ஒரு சுற்றுத் துடைத்தேன். பிறகு உலர்ந்த துணியால் துடைத்தேன். கையில் ஒட்டவில்லை, போய்விட்டது என்று நினைத்தேன். சந்தனத்தில் பிரேக் வழுக்கும் என்று காலையில் மனைவிக்குப் பாடம் நடத்திய அதே ஆள்தான் இதைச் செய்தேன். எனக்கு அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை. படம் நன்றாக வந்திருந்தது.

ஞாயிறு காலை கிளம்பினோம். மேகம் மலையைப் பாதி மூடியிருந்தது. குற்றாலம் வழியாக, ஐந்தருவிப் பக்கம் போய்ச் செங்கோட்டை. சீசன் கூட்டம் அந்த நேரத்திலேயே தொடங்கிவிட்டது. தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு ரோட்டை மறித்து நடக்கிறவர்களை விலக்கிப் போக வேண்டியிருந்தது. அங்கே இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தேன். கொஞ்சம் மெத்தென்று இருந்தது. புது ரிம், பழக நாளாகும் என்று சொல்லிக்கொண்டேன். அப்படி எங்கேயோ படித்திருந்தேன் என்பது உண்மைதான். படித்தவனுக்குச் சமாதானம் சொல்ல ஒரு வரி எப்படியும் கிடைத்துவிடுகிறது.

புளியரையிலிருந்து ஏற்றம். சக்கரம் வாங்கியதன் பலன் அங்கே தெரிந்தது. மச்சினனை முன்னால் விட்டுப் பிடித்து, தாண்டிப் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவனைத் தாண்டினேன். கோட்டவாசலில், கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், டீ குடித்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சக்கரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். அவன் கேட்கவே இல்லை. நான்தான் சொன்னேன்.

"எறக்கத்துல நீ ஓட்டிப் பாருலே. அப்பத்தான் தெரியும்."

"பரீட்சை முடியட்டும்னீய."

"எறக்கம்தானே, மிதிக்கவா போற. சும்மா உக்காந்து வா."

சைக்கிளை மாற்றிக்கொண்டோம். சாரல் தொடங்கியிருந்தது. ஜல்லி ஏற்றிய லாரிகள் எதிரே வரிசையாக ஏறி வந்தன. அவன் முன்னால், நான் பத்துப் பன்னிரண்டு மீட்டர் பின்னால். எஸ் வளைவில் கீழிருந்து ஒரு லாரி வளைவை அடைத்துக்கொண்டு வந்தது. அந்த வளைவில் அவன் எனக்குப் பக்கவாட்டாகத் தெரிந்தான். நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். இரண்டு கைவிரல்களும் பிரேக் பிடியின் மேல் இருந்தன. இரண்டு பிடியும் கைப்பிடியை ஒட்டும்வரை இழுத்திருந்தான். சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டே போயிற்று. அவன் லாரியை விட்டு விலகி இடது பக்கம் ஒடித்தான். தடுப்புச் சுவரில் போய் மோதினான்.

லாரிக்காரர்தான் முதலில் இறங்கி ஓடி வந்தார். மச்சினன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே வேறு யாருடையதோ போலத் தொங்கியது. அப்போது நான் செய்ததை எழுத எனக்குக் கூசுகிறது. பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "பிரேக்கப் பிடிக்கத் தெரியாதாலே ஒனக்கு? லாரியப் பாத்தா பயந்து வெறச்சுப் போவியா?" என்று அந்த ஆள் முன்னாலேயே கத்தினேன்.

அவன் அண்ணாந்து பார்த்து, "பிடிச்சேனான்னு தெரியல அத்தான்" என்றான்.

வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில், அதே பக்கக் காறை எலும்பு ஒரு இடத்தில் முறிந்திருந்தன. தென்காசி ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். உடல்திறன் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. கயிறு ஏறுவதைப் பற்றி விசாரித்த என் மனைவியை டாக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்குத் தண்ணீர்க்குடம் கூடத் தூக்கக்கூடாது என்றார். அவள் வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அன்னைக்கு இன்னொரு பழம் வச்சிருக்கணும். பஸ்ஸப் பாத்தேன் பாருங்க, எனக்கு வேணும்" என்றாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். அவளைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னேன். அதற்கு மேல் அப்போது எனக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள் தெரிந்தது. கோணிப்போன முன்சக்கரத்தைக் கழற்றி, கோட்டம் எடுக்க முடியுமா என்று கேட்கச் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். முப்பது வருடமாகக் கம்பி திருகுகிறவர். சக்கரத்தை வாங்கி, சுழற்றி, ரிம்மைப் பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன சார், சக்கரத்துக்கு எண்ணெ தேச்சுக் குளிக்க வச்சீயளா? தேங்கா எண்ணெ வாடை வருது."

"ரோட்டுல எதாவது பட்டிருக்கும்" என்றேன்.

"ரோட்டுல தேங்கா எண்ணெயா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பிரேக் கட்டைகளையும் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். நான் கொண்டு போகவில்லை. வீட்டில் வைத்து நானே கழற்றி முகர்ந்து பார்த்தேன். நான்கு கட்டையிலும் அதே வாடை. அந்த மெல்லிய வரிகள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கட்டைக்கு ஊட்டியிருந்தன. மேலே சாரல் வேறு. அளந்து பார்க்க இதில் ஒன்றும் மிச்சமில்லை.

அன்றே மாடிக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு படிதான். ஏறிப் போனேன். அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தேர்வு அழைப்புக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களுக்கும் சக்கரம் போச்சு, என்னால" என்றான். நான் அவன் தோளைத் தட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வலி குறையட்டும், கட்டுப் பிரிக்கட்டும், அந்தத் தேதி தாண்டட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒவ்வொரு முறையும் சொல்லாததற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. எல்லாக் காரணத்துக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான். என் மனைவியின் முகத்தில் எனக்கு அந்தப் பார்வை வேண்டாம்.

தேர்வு நாள் வந்தது, போனது. அன்று அவன் மாடிப்படியோரம் கட்டியிருந்த வடத்தை இடது கையாலேயே அவிழ்த்துச் சுருட்டி வைத்தான். கட்டுப் பிரித்தபின் புளியங்குடியில் ஒரு எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கெழுதப் போனான். வாரம் ஒருமுறை வருவான். வரும்போது ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டு வருவான். அக்கா கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் ராகு காலத்தில் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு துர்க்கைக்கு எலுமிச்சைத் தோலில் விளக்கு ஏற்றினாள். பழத்தை அரிந்து, சாறு பிழிந்து, தோலைக் குழிவாகத் திருப்பி வைக்கும்போது அவள் உதடு அசையும். தம்பிக்காக என்று தெரியும். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். இப்படி எட்டு மாதம் இருந்தேன்.

அவனிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. ரோட்டைக் கடக்கும்போது கூட நின்று நின்று கடந்தான். கியர் சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டான். மோட்டார் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்தால் லாரி வரும்போது என் சட்டையைப் பிடிப்பான். கை முழுதாகச் சரியாகிவிட்டது, டாக்டரே சொல்லிவிட்டார். வனத்துறை வேலை ஒன்றுக்கு முன்பே எழுதியிருந்தான். அதற்கு வயது வரம்பு கொஞ்சம் தள்ளி. எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதிக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று மனைவி சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. இது கிடைத்துவிட்டால் நான் எதையும் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை, பள்ளிக்கு விடுமுறை, மதியம் சாப்பிடும்போது அவள் சொன்னாள். "அவன் போகலையாம். நேத்துதான் நாளு. போகலன்னு இப்பத்தான் போன்ல சொல்லுதான்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். நேராகப் பஸ் ஏறிப் புளியங்குடி போனேன். மதியம் தாண்டியிருந்தது. ஏலம் முடிந்து, லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடை முழுக்க எலுமிச்சை வாசம். அவன் ஒரு மர மேசையில் உட்கார்ந்து சீட்டில் ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"என்ன அத்தான், இங்கன அளவை எதுவுமா?"

"ஏன்லே போகல?"

அவன் சுற்றிலும் பார்த்தான். வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தோம்.

"ஓட்டத்துல ஜெயிச்சா மட்டும் போதுமா அத்தான். காட்டுல ஒத்தையில நிக்கணும், யானை வரும், என்னென்னமோ வரும். அன்னைக்கு ஒரு லாரியப் பாத்ததுக்கே எனக்குக் கை வெறச்சுப் போச்சு. பிரேக்க பிடிச்சேனாங்கிறதே இன்னும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்கு. நீங்களே பாத்தீய. அப்படிப்பட்டவன் யூனிபார்ம மாட்டி என்ன செய்ய?"

அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. வெறச்சுப் போனது, பயந்தது எல்லாம் நான் அந்த வளைவில் அவன்மேல் எறிந்தவை. அதை அவன் எட்டு மாதமாக எடுத்து வைத்திருந்தான்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமத்தைத் துடைத்தது, தேங்காய் எண்ணெய், சைக்கிள் கடை அண்ணாச்சி. சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. ரிம்மின் வரிகளைப் பற்றியெல்லாம் பேசினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"அஞ்சாம் நாளு."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு நல்லது. அவன் வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான்.

"அப்ப நான் பிரேக்க பிடிச்சேனா?"

"பிடிச்ச. ரெண்டையும் பிடிச்ச. கைப்பிடியில ஒட்டுற வரைக்கும் இழுத்திருந்த. நான் என் கண்ணால பாத்தேன்."

"நேரத்துக்குப் பிடிச்சேனா?"

"நேரத்துக்குத்தான் பிடிச்ச, மாப்ள."

"இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் லாரியில் மூட்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இத முந்தாநாளு சொல்லிருந்தாக்கூட நான் போயிருப்பேன் அத்தான்" என்றான். குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய் ஒரு பையில் பழத்தை நிரப்பிக்கொண்டு வந்தான். "அக்காட்ட குடுத்துருங்க. நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை."

பஸ்ஸில் அந்தப் பை என் மடியில் இருந்தது. வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழம் என்ன விலை என்று கேட்டார். விற்பதற்கு இல்லை என்று சொல்லிப் பையின் வாயை முடிந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பையை மேசைமேல் வைத்தேன். அவள் வழக்கம்போல் நல்ல பழமாகப் பொறுக்கத் தொடங்கினாள். இனி இது வேண்டாம், பழம் நசுங்காததால் ஒன்றும் ஆகவில்லை, உட்கார் என்றேன். அவனிடம் சொன்ன வரிசையிலேயே அவளிடமும் சொன்னேன். எண்ணெய்க்காக அவள் என்னைத் திட்டவில்லை. பொட்டை அழித்ததற்காகவும் திட்டவில்லை. கையிலிருந்த பழத்தைப் பைக்குள் திரும்பப் போட்டாள்.

"அவன் பயப்படலையா?" என்று கேட்டாள்.

"இல்ல. பிரேக்க சரியாத்தான் பிடிச்சான்."

அந்த எட்டு மாதத்தில் முதல் முறையாக அவள் அழுதாள். நோட்டுகளை ஒரு பக்கம் தள்ளி, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். தொட எனக்குத் தைரியம் வரவில்லை. தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மத்ததெல்லாம் கெடக்கட்டும். அத மட்டும் அன்னைக்கே அவன்ட்ட சொல்லிருக்கலாம்லா."